நவியம் என்பது சிறு கோடரியா?

அகராதியைப் புரட்டினால் நவியம், கணிச்சி, மழு ஆகிய மூன்று சொற்களுக்கும் கோடரி என்னும் பொருளைக் காணலாம். இதனைக் கொண்டு, பழம்பாடலில் இவற்றுள் எது வரினும் ‘சிறு கோடரி’ என்றோ ‘கைக்கோடரி’ என்றோ உரை எழுதிச் செல்வாரும் உளர். இது பொருந்துமா என்பதை ஆராய்வோம்.

புறநானூற்றில் நவியம் வரும் இடங்கள் இரண்டை நோக்குக. நெடுஞ்செழியனைக் கல்லாடனார் பாடிய 23ஆம் பாட்டு ஒன்று. கிள்ளிவளவனை ஆலத்தூர் கிழார் பாடிய 36ஆம் பாட்டு மற்றொன்று. இரண்டிலும் நவியம் பாய்வது பகைவனின் காவல் மரத்தின்மீதே. ஆளை வெட்டும் படைக்கலமாக அது அங்கு வரவில்லை. காவல் மரத்தைக் காக்க இயலாதவன் அரசனாகான் என்பது அக்கால மரபு. எனவே மரத்தை வீழ்த்துவது மானத்தை வீழ்த்துவதாகும்.

இனி, 36ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் அக்கருவியை எவ்வாறு காட்டுகிறார்? கொல்லன் அரத்தால் கூர்மை செய்த வாயினை உடையது என்கிறார். ‘நெடுங்கை’ உடையது என்றும் கூறுகிறார். இங்கே கை என்பது காம்பு. கைக்கோடரி என்பதிலுள்ள கையோ, பிடிப்பவனின் கை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதே குழப்பத்திற்கு இடம் தந்தது போலும்!

சொல்லில் நேரும் இப்பிழை பாட்டின் உயிரையே தாக்குகிறது. கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருக்கிறான். மரம் வெட்டும் ஓசை மதிலைக் கடந்து அரண்மனைக்குள் கேட்கிறது. அதைக் கேட்டும் உள்ளிருக்கும் வேந்தன் வெளிவராது இனிதே இருக்கிறான். இத்தகையவனோடு முரசு முழங்கப் போரிடுவது நாணத்தக்கது என்று புலவர் இடித்துரைக்கிறார். பாட்டின் ஆற்றல் முழுவதும் அந்த ஓசையில் இருக்கிறது. நீண்ட காம்பைப் பற்றி, இரு கையாலும் ஓங்கி வெட்டினாலன்றி அவ்வோசை எழுமா? விறகு பிளக்கும் சிறு கருவியை அங்கே வைத்துவிட்டால், கேளாதவன்போல் இருந்த வேந்தனின் இழிவும் சிறுத்துப் போகும்.

கணிச்சியின் நிலை வேறு. நக்கீரர் பாடிய 56ஆம் பாட்டில் அது மணிமிடற்று இறைவனுக்கு உரியது. நரிவெரூஉத்தலையாரின் 195ஆம் பாட்டில் கூற்றுவனுக்கு உரியது. இவ்விரு இடத்தும் அதற்கு மரம் வெட்டும் வேலை இல்லை. தடுக்க முடியாத ஆற்றலின் அடையாளமாகவே அது நிற்கிறது. மழுவோ, சூளுரைப்போர் கையில் ஏந்தும் காய்ச்சிய இரும்பையும் குறிக்கும்.

ஒரு கையால் வீசத்தக்க சிறு கருவிக்குக் கைக்கோடரி என்னும் எளிய பெயரே போதும். அதற்காக நவியத்தின் காம்பை நாம் குறைக்க வேண்டுவதில்லை. அகராதி ஒரு சொல்லின் இனத்தைக் காட்டும். அதன் அளவையும் தொழிலையும் பாட்டே காட்டும். உரை எழுதுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.