கை வைக்காத வைத்தியம்

கறம்பக்குடியில் உப்புநீர்த் தொட்டி வைப்பது கொஞ்சம் திமிர் பிடித்த காரியம். பட்டுக்கோட்டையைத் தாண்டி அதிராம்பட்டினம் போனால்தான் கடல். அங்கேயும் இருப்பது பெரும்பாலும் சேறும் கடற்புல்லும்தான். பவளப்பாரைப் பார்க்க மண்டபம் வரை போக வேண்டும். சித்திரை வெயிலில் வீட்டுக்குள் இருக்கிற தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டிவிடும். மின்சாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்த பிறகு இந்தப் பக்கத்துக் கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. பம்பு நின்றுவிட்டால் பவளத் தொட்டிக்கு ஆயுள் சில மணி நேரம்தான்.

இவ்வளவுக்கும் நடுவில் இங்கே ஒரு நண்பர் தோல் பவளம் வளர்க்கிறார். அவர் வளர்ப்பதைவிட, அதற்கு உடம்புக்கு முடியாமல் போகும்போது பார்க்கிற பக்குவம்தான் எனக்குப் பிடித்தது.

தோல் பவளம் பார்வைக்கு ஒரு பெரிய காளான். தடித்த தண்டு, மேலே மடிப்பு மடிப்பாகத் தொப்பி. நல்ல நாளில் தொப்பி முழுக்கப் பாலிப்கள் நீண்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் எட்டு உணர்கொம்புகள் விரிந்து, நீரோட்டத்தின் போக்கில் ஆடும். கல்பவளத்துக்கு இருப்பது போன்ற எலும்புக்கூடு இதற்குக் கிடையாது. சதைக்குள் மிக நுண்ணிய சுண்ணாம்புத் துணுக்குகள் உண்டு; மற்றபடி உள்ளே ஏற்றி வைத்திருக்கும் நீர்தான் அதை நிமிர்த்தி நிறுத்துகிறது. சுகமில்லையென்றால் சுருங்கும், சாயும். மறைக்கத் தெரியாத உடம்பு.

சிக்கல் என்னவென்றால், சுகமாக இருக்கும்போதும் அது சுருங்கும். அவ்வப்போது பாலிப்களை எல்லாம் உள்ளிழுத்துக்கொண்டு, மெழுகு பூசியது போல மினுமினுத்து, சில நாள், சமயத்தில் ஒன்றிரண்டு வாரம்கூட அப்படியே நிற்கும். மேலே படிந்த பாசியையும் அழுக்கையும் ஒரு மெல்லிய படலத்தோடு சேர்த்துக் கழற்றிப் போடும் வேலை அது. புதிதாக வளர்ப்பவர்கள் பதறிப் போவது இந்த நாட்களில்தான். இடம் மாற்றுவார்கள், மருந்தில் முக்குவார்கள், பாதித் தண்ணீரை மாற்றுவார்கள், விளக்கைக் கூட்டுவார்கள். என்னைக் கேட்டால், நோயால் செத்த தோல் பவளங்களைவிட வைத்தியத்தால் செத்தவையே அதிகம் இருக்கும்.

நண்பரின் தொட்டியில் முதன்முதலில் அப்படி மூடிய பவளத்தைப் பார்த்தபோது, “என்ன தம்பி, இது போயிடுச்சு போலருக்கே?” என்றேன்.

“இல்லண்ணே, சட்டை உரிக்குது. தொடாம இருந்தாப் போதும்.”

அவர் செய்தது ஒன்றே ஒன்று. தொட்டிக்குள் நீரைத் தள்ளும் பவர்ஹெட் பம்பைக் கொஞ்சம் திருப்பி, ஓட்டம் தொப்பியை உரசிப் போகும்படி வைத்தார். படலம் கந்தல் கந்தலாகப் பிய்ந்து போனது. அடியில் புதுத் தோல்.

சட்டை உரிப்பது எது, அழுகுவது எது என்று பிரித்தறிவதில்தான் கண் தேறுகிறது. உரிக்கும்போது தொப்பி முழுவதும் ஒரே சீராக மூடியிருக்கும். நிறம் போகாது, தண்டு விறைப்பாக நிற்கும். அழுகல் ஓரிடத்தில் தொடங்கும். அங்கே பழுப்போ கறுப்போ படரும், ஓரம் கரைந்து சதை இழை இழையாகத் தொங்கும், தண்டு அடியில் துவளும். கண்ணை மட்டும் நம்பாமல், ஊசி கழற்றிய சிரிஞ்சில் அந்த இடத்து நீரை உறிஞ்சி மூக்கருகே கொண்டுபோவார் நண்பர். அழுகிய முட்டை வாடை வந்தால் காத்திருக்கும் கட்டம் முடிந்தது.

சந்தேகமாக இருந்தால் அவர் பவளத்தைப் பார்க்கமாட்டார். பக்கத்தில் இருப்பவற்றைப் பார்ப்பார். எல்லாமே வாடியிருந்தால் குற்றம் தண்ணீரில். உப்பு ஆயிரத்துக்கு 35 என்ற அளவில் நிற்க வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. இழந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றாமல் மறுபடி உப்புநீரை ஊற்றினால் நாளுக்கு நாள் கரிப்பு ஏறும். மீனுக்குப் போட்ட மருந்தில் செம்பு இருந்தால் அதுவும் பவளத்துக்கு நஞ்சு. தண்ணீர் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தாலும் ஆகாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாத தொட்டியில் தோல் பவளம் போன்ற மென்பவளம் பட்டினி கிடக்கும். காரணம் எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவார். எதனால் தேறியது என்பது அப்போதுதான் தெரியும்.

ஒன்று மட்டும் வாடி மற்றவை செழித்திருந்தால் அக்கம்பக்கத்துத் தகராறு. மென்பவளங்கள் டெர்பீன் வகை நஞ்சை நீரில் கசியவிட்டு இடம் பிடிப்பவை. தொடாமலேயே அண்டைக் கல்பவளத்தைக் கருகவைக்க அவற்றால் முடியும் என்பதை 1980-களில் ஆஸ்திரேலியப் பார்களில் சம்மார்கோவும் கோலும் காட்டினார்கள். பெருங்கடலில் கரைந்து போகும் நஞ்சு, நாலடித் தொட்டியில் எங்கே போகும்? அதற்குத்தான் ஃபில்டரில் ஒரு பை கார்பன்.

அழுகல்தான் என்று முடிவாகிவிட்டால், அத்தனை நாள் சும்மா இருந்த கை சட்டென்று வேகம் கொள்ளும். கையுறை மாட்டி, தொட்டி நீரையே ஒரு கிண்ணத்தில் எடுத்து, பவளத்தை அதற்கு மாற்றுவார். வெட்டும்போது கசியும் சளி தொட்டியில் கலக்கக் கூடாது. புது பிளேடு. கறுப்பை ஒட்டி வெட்டாமல், நல்ல சதைக்குள் கொஞ்சம் இறங்கி ஒரே இழுப்பு. இங்கே கருமித்தனம் பார்த்தால் மீதியும் போகும். அப்புறம் அயோடின் கலந்து வெளிர்பழுப்பான உப்புநீரில் சில நிமிடம், நல்ல நீரில் ஓர் அலசல். வழுக்கும் சதையில் பசை ஒட்டாது என்பதால், சிறு கல்லின் மேல் வைத்து வலைத்துணியால் தளர்வாக மூடிக் கட்டுவார். இறுக்கினால் கட்டே சதையை அறுத்துவிடும். ஓட்டம் நன்றாக இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் கல்லைப் பற்றிக்கொள்ளும். தொப்பியே போன மொட்டைத் தண்டும் புதுத் தொப்பி விடும்.

பவள விஷயத்தில் நம் கரைக்கு ஒரு பெருமை உண்டு. முதல் சர்வதேசப் பவளப்பார் மாநாடு 1969-இல் நடந்தது மண்டபம் முகாமில். பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கும் வேலையைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் செய்து வருகிறார்கள். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து மென்பவளமானாலும் எடுக்கக் கூடாது. கல்பவளங்களும் கடல் விசிறிகளும் எங்கே கிடைத்தாலும், 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குரிய அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பில் இருக்கின்றன.

ஆகவே தொட்டி வைக்கும் ஆசை வந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடைக்காரர் “ராமேஸ்வரம் சரக்கு சார்” என்று காதருகே சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே தொட்டியில் வளர்ந்த பவளத்திலிருந்து வெட்டிய துண்டாகக் கேளுங்கள். வாங்கி வந்த வாரமே அது மூடிக்கொண்டால், உப்பையும் சூட்டையும் அளந்து பாருங்கள், மோந்து பாருங்கள். வாடை இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.