மறையுரையில் மறைந்தது

ஆகஸ்டு 15. ஜவ்வாது மலைமேல் ஒரு சிற்றாலயம். வாயிலில் மூவர்ணக் கொடி. உள்ளே மலர் சூடிய மரியன்னை. நாட்டின் விடுதலை நாளும் மாதாவின் விண்ணேற்பு விழாவும் ஒரே நாளில் வருவதால், இரண்டையும் இணைத்துக் கொண்டாடுவது கத்தோலிக்கக் கோயில்களில் வழக்கம். நாமும் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டோம். பக்தியால் அன்று, பாட்டுப் பாடும் நம் வகுப்புப் பிள்ளைகள் அழைத்திருந்தனர்.

உரையின் சாரம் இதுதான்: வெள்ளையன் வெளியேறினான், நாடு விடுதலை பெற்றுவிட்டது, இனிப் பெறவேண்டியது பாவத்தினின்று விடுதலை, ஆகவே உள்ளத்தைப் புதுப்பியுங்கள். இரு விழாக்களும் ஒரு நாளில் கூடியது இறைவனின் திட்டம்!

திட்டமா? விண்ணேற்பு விழா ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடையது. 1950இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் அதைக் கோட்பாடாகவே அறிவித்தார். நம் விடுதலைக்கு நாள் குறித்தவரோ மவுண்ட்பேட்டன். 1945 ஆகஸ்டு 15இல் ஜப்பான் பணிந்த நினைவு அவருக்கு. படைத்தலைவரின் வெற்றி நினைவைப் பரமனின் ஏற்பாடாக்குவது வரலாறும் அன்று, வேதமும் அன்று.

இது சிறு பிழை, போகட்டும். "நாடு பெற்றுவிட்டது, ஆன்மாதான் பாக்கி" என்றாரே, அது பெரும்பிழை. யாருக்குத் தீர்ந்தது அந்தக் கணக்கு? 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, 20 தமிழகத் தொழிலாளர்களை ஆந்திரக் காவல்படை சுட்டுக் கொன்றது. இறந்தோருள் இம்மலை மக்களும் உண்டு. கூலி தேடி மலையிறங்கியவன் பிணமாய் மலையேறினான். உள்ளம் புதுப்பிக்கப்படாததா அதற்குக் காரணம்?

இன்னொன்று. இம்மலையின் மலையாளிப் பழங்குடியினர் கிறித்தவரானாலும் பட்டியல் உரிமையை இழப்பதில்லை. அடிவாரத்து ஆதிதிராவிடர் ஞானஸ்நானம் பெற்றால் இழக்கின்றனர். 1950 ஆகஸ்டு 10இல் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணை செய்த வேலை இது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு, சிலுவை அணிந்தவருக்குத் திறக்கவில்லை. ஆகஸ்டு 10ஐக் கருப்பு நாளாகத் திருச்சபையினரே அனுசரிப்பதைப் பாராட்டுகிறோம். ஆனால் அன்று கருப்புக்கொடி பிடித்த கை, ஐந்தே நாளில் "விடுதலை முடிந்தது" என்று எப்படி ஆசி கூறுகிறது? திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் பிணங்களுக்கும் சாதி பார்த்துச் சுவர் எழுப்பியவன் வெள்ளைக்காரனா? உள்ளத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் அங்கே தொடங்கலாமே!

வேடிக்கை என்னவென்றால், அன்றைய வாசகத்திலேயே சரக்கு இருந்தது. லூக்கா எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரம்: வல்லவரை அரியணையினின்று இறக்கி, பசித்தவரை நிறைத்து, செல்வரை வெறுங்கையராய் அனுப்பும் கடவுளைப் பாடுகிறாள் மரியாள். அந்தக் கடவுளிடம் நமக்கு நம்பிக்கையில்லை. ஆனால் ஓர் ஏழைப்பெண்ணின் வாயில் அச்சொற்களை வைத்த எழுத்தாளனின் துணிவை மதிக்கிறோம். குருவானவர் அதைக் கணீரென்று வாசித்தார். உரை தொடங்கியதும் அப்பக்கத்தை மூடிவைத்துவிட்டார்.

மறுநாள் ஒரு மாணவன் நம்மிடம் கேட்டான்: "ஐயா, இறக்கப்படவேண்டிய வல்லவர் யார்?"

வரும் ஞாயிறு குருவானவரிடமே கேள் என்று சொல்லி அனுப்பினோம்.