செம்மணல் ஓரத்துச் சக்கரம்

மெட்ரோவுக்காகக் கச்சேரி ரோட்டையும் பனகல் பார்க்கையும் தோண்டிப் போட்ட பிறகுதான் மயிலாப்பூர், தி.நகர் பக்கம் கிராவல் சைக்கிள்கள் கூடியிருக்கின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம். ரேஸ் சைக்கிளின் உடல்வாகு, ஆட்டுக்கடாக் கொம்பு போல வளைந்த கைப்பிடி, ஆனால் சக்கரத்தில் 40 மில்லிமீட்டருக்கும் அகலமான டயர். லஸ் முனையில் தகரத் தடுப்பை ஒட்டிச் சிதறிக் கிடக்கும் ஜல்லி மேல் அது அலட்டிக்கொள்ளாமல் ஏறிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் மாமல்லபுரம் வரை விரட்டிவிட்டு, வழியில் இட்லி வடை சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள். குறையாகச் சொல்லவில்லை. நல்ல தார்ச்சாலையிலும் அது ஓடத்தான் செய்யும். ஆனால் அந்த வண்டியின் அருமை தெரிய வேண்டுமென்றால், பார்சல் ஆபீசில் சைக்கிளைப் புக் செய்துவிட்டு எழும்பூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். திருச்செந்தூருக்கு மேற்கே தேரிக்காடு இருக்கிறது.

இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்தது வழி கோர்க்கிற கலை. வேகக் கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான். வண்டித்தடம், ஏரிக்கரை, பனையேறி நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதை, வனத்துறை ஜீப் போகும் மண் ரோடு என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கிடப்பவற்றை ஒரே ஓட்டமாகச் சேர்க்க வேண்டும். ராத்திரி மொபைலில் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து விரலால் கோடு போடுவது எளிது. அந்தக் கோட்டில் எது மிதிக்கக்கூடிய மண், எது தள்ளிக்கொண்டு போக வேண்டிய மணல் என்று முன்கூட்டியே சொல்பவன்தான் கைதேர்ந்தவன். பாலை நிலத்தில் இந்தக் கலைக்கு ஒரு சூத்திரம் உண்டு என்பது என் கட்சி: மணல்மேட்டின் நடுவே போகாதே, அதன் ஓரத்தைப் பிடி.

வெளிநாட்டில் பேர் வாங்கிய பாதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006-இல் தொடங்கிய பந்தயம் இன்று அன்பௌண்ட் என்ற பெயரில் நடக்கிறது. 200 மைல். அங்கே பாலைவனம் இல்லை, புல்வெளிக் குன்றுகள்தான். ஆனால் தரையில் கிடக்கும் சிக்கிமுக்கிக் கற்கள் டயரைப் பிளேடு மாதிரி கிழிக்கும். ஸ்பெயினில் கிரனாடாவிலிருந்து கிளம்பும் பேட்லேண்ட்ஸ் போட்டி 2020-இல் வந்தது. கொராஃபே, தபெர்னாஸ் பாலைநிலங்கள் வழியாகப் போகிறது. தபெர்னாஸ் நமக்கும் பழக்கப்பட்ட இடம்தான். செர்ஜியோ லியோனியின் கௌபாய்ப் படங்களில் பார்த்த அதே பொட்டல். அங்கே பாதை போட்டவர்கள் வறண்ட ஓடைப் படுகைகளைத் தேடித் தேடி எடுத்திருக்கிறார்கள். எப்போதோ ஓடிய வெள்ளம் அழுத்திவிட்டுப் போன தரை சக்கரத்தைத் தாங்கும். மலைச்சரிவு தாங்காது. நம் ஊர்க்காரர்கள் பாலைவனம் என்றதும் ஜெய்சல்மேருக்கு டிக்கெட் எடுக்கிறார்கள். சாம், கூரி மணல்மேடுகள் ஒட்டகத்துக்கும் போட்டோவுக்கும் ஏற்றவை. மற்றபடி தார்ப் பாலைவனத்தில் சைக்கிளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தார்ச்சாலைதான்.

தேரி வேறு ஜாதி. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்று காலங்காலமாக மண்ணை வாரிக் கொண்டுவந்து கிழக்கே கொட்டியதில் உருவான செம்மணல் மேடுகள் இவை. ஒவ்வொரு மணல்துகளின் மேலும் இரும்புத் துரு மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கிறது. அதனால்தான் அந்தச் சிவப்பு. கடலை ஒட்டிய மணல் வெளுத்திருக்கும். உள்ளே போகப் போக மஞ்சளாகி, காவியாகி, கடைசியில் மாட்டு ரத்தம் உறைந்த நிறத்துக்கு வந்துவிடும். இடையிடையே காற்று தரம் பிரித்து ஒதுக்கிய கருமணல், மை தீட்டினாற்போல வரி வரியாக. தமிழ்நாட்டில் சைக்கிளில் போய்ப் பார்க்க இவ்வளவு வண்ணமுள்ள நிலம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஊட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இனி மண்ணைப் படிக்கிற விஷயத்துக்கு வருவோம். செம்மணலில் கொஞ்சம் களியும் கலந்திருப்பதால் மழை பெய்து காய்ந்த பின் மேலே ஒரு பொருக்குக் கட்டும். அது உடையாத இடத்தில் சைக்கிள் ஓடும். ஆடும் மாடும் மிதித்து உடைத்த இடத்தில் சக்கரம் இறங்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவப்புதான். காலை ஏழு மணிக்குச் சாய்ந்த வெயிலில் பார்த்தால் உடைந்த மணலில் சின்னச் சின்ன நிழல்கள் விழுந்திருக்கும், பொருக்கு மொழுமொழுவென்றிருக்கும். பதினொரு மணிக்கு மேல் நிழல் செத்துவிடுகிறது. அப்புறம் காதுதான். கெட்டித்தரையில் டயர் கரகரவென்று பேசிக்கொண்டே வரும். இளக்கத்துக்குள் நுழையப் போகிற அந்த ஒரு நொடியில் சத்தம் அமுங்கி ‘ஸ்ஸ்’ என்றாகும். அப்போது பிரேக்கைத் தொட்டால் கதை முடிந்தது. உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, கைப்பிடியைப் பூப்போல விட்டுப் பிடித்து, மிதியை நிறுத்தாமல் மிதிக்க வேண்டும். திரும்ப வேண்டுமென்றால் இடுப்பைச் சாய்த்தால் போதும்; கையால் திருப்பினால் முன்சக்கரம் குறுக்கே உழுதுகொண்டு நின்றுவிடும். நன்றாக ஓட்டுகிறவர் விட்டுப்போன தடத்தைக் குனிந்து பாருங்கள். முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டும் ஒரே கோட்டில், டயர் பட்டன்களின் அச்சு சிதையாமல் விழுந்திருக்கும். தடுமாறியவரின் தடம் ஜடை பின்னியது மாதிரி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும்.

காற்று விஷயத்தில் சென்னைக்காரர்களுக்குக் கஞ்சத்தனம் வராது. பெட்ரோல் பங்கில் நின்று டயரைக் கல்லாக அடித்துக்கொண்டு வருவார்கள். 45 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரில் நடுத்தர எடையுள்ள ஒருவருக்குத் தார்ச்சாலையில் 35 பிஎஸ்ஐ சரி என்றால், தேரியில் 22-க்கு இறக்கலாம். கட்டைவிரலால் அழுத்தினால் டயர் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்க வேண்டும். டியூப் போட்ட சக்கரத்தோடு வருகிறவர்களுக்கு உடைமரம் பாடம் எடுக்கும். குடை பிடித்தாற்போலத் தட்டையாக விரிந்த அழகான மரம். அதன் வெள்ளை முள் விரல் நீளத்துக்கு நேராக நிற்கும். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றிய சீலன்ட் பால் அந்த ஓட்டையை இரண்டு சுற்றுக்குள் அடைத்துவிடுகிறது. முள்ளைப் பிடுங்காமல் அப்படியே ஓட்டுவது உத்தமம். மணலில் ஓட்டிப் பழகிக்கொள்ள இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. அடையாறு முகத்துவாரத்தில், 1977-இல் இடிந்த உடைந்த பாலத்துக்குப் போகும் மணல்வழியில் விடியற்காலை நாலு தடவை போய்வந்தால் கை இளகிவிடும்.

வழியைச் சொல்கிறேன். திருச்செந்தூரிலிருந்து காயாமொழி வரை தார். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயிலைத் தாண்டினால் நிறம் மாறத் தொடங்கும். அங்கே மேட்டைப் பார்த்ததும் நேராக ஏறத் தோன்றும், தோன்றாதவர் மனிதரே இல்லை. ஏறாதீர்கள். முதல் காரணம், குதிரைமொழித் தேரி காப்புக்காடு. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் காட்டும் பாதையோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை. இரண்டாவது, அழகு அடிவாரத்தில்தான் இருக்கிறது. மேட்டில் விழும் மழையை மணல் உறிஞ்சிக்கொண்டு அடியில் மெதுவாகக் கசியவிடும். அதனால் மேலே பொட்டலாகவும், விளிம்பில் பனை, கொல்லாமரம், வாழைத்தோட்டம் என்று பச்சையாகவும் இருக்கும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் சுனை இப்படி ஊறுவதுதான். சக்கரத்துக்கு வலப்பக்கம் செந்தீ மாதிரி மேடு, இடப்பக்கம் வாழை. ஸ்பெயின்காரன் பார்த்தால் பொறாமைப்படுவான்.

அங்கிருந்து மெஞ்ஞானபுரம் திசையில் போகையில் பனந்தலைகளுக்கு மேலே பவுல் தேவாலயக் கோபுரம் தெரியத் தொடங்கும். 192 அடி உயரம். ஜிபிஎஸ் கைவிட்டாலும் அது கைவிடாது. சாத்தான்குளம் தாண்டி, புத்தன் தருவையின் கரையோரமாகத் தெற்கே இறங்கினால் இடையன்குடி. திரும்பும்போது கடலோரமாக மணப்பாடு, குலசேகரன்பட்டினம். மணப்பாட்டில் முடித்துக்கொள்ளலாம் என்பவர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. பாறைமேட்டுக் கோயிலும் கடலும் படத்துக்கு நன்றாக இருக்கும்தான். ஆனால் இந்த ஓட்டத்துக்கு உச்சம் இடையன்குடி.

காரணம் கால்டுவெல். மெரினாவில் காமராஜர் சாலை ஓரம் 1968-இல் வைத்த சிலையாக நமக்கு அவர் பரிச்சயம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர். 1841-இல் அவர் சென்னையிலிருந்து சோழநாடு, நீலகிரி என்று சுற்றிக்கொண்டு, பெரும்பாலும் கால்நடையாகவே இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சவாரி வசதி இருந்தும் ஜனங்களோடு பேசிக்கொண்டு போக வேண்டும் என்று நடந்த மனிதர். பிறகு திருநெல்வேலி வரலாறு எழுதும்போது தேரியையும் விடாமல் எழுதினார். வழி கோர்ப்பவர்களுக்கு ஒரு குலதெய்வம் வேண்டுமென்றால் நான் அவரைச் சொல்வேன். 1847-இல் அடிக்கல் போட்டு 1880-இல் முடித்த அவருடைய தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்தால் கால் வலி ஐந்து நிமிடத்தில் இறங்கும்.

காலம் பார்த்துப் போக வேண்டும். ஆடியில் போனால் எதிர்காற்றில் மணல் முகத்தில் அறையும். கார்த்திகைக் கடைசியில் கற்குவேல் அய்யனாருக்குக் கள்ளர் வெட்டுத் திருவிழா. அத்தனை வண்டியும் ஜனமும் மிதித்ததில் பாதையெல்லாம் குலைந்திருக்கும், கொஞ்ச நாள் ஆறவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழிக் கடைசியும் தையும்தான் பொருக்கு கெட்டியாக இருக்கும் காலம். அதில் ஒரே ஒரு நஷ்டம், பதநீர் கிடைக்காது. பங்குனியில் போனால் பனையேறி இறக்கிக் கொடுப்பதை ஓலைப்பட்டையில் வாங்கிக் குடிக்கலாம், ஆனால் மணல் தூளாகிவிட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து அமையாது. நான் மண்ணுக்காகத் தையில் போகிற கட்சி. பதநீர்க் கட்சிக்காரர்களிடம் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

செம்மண்ணில் பளபளவென்று சின்னக் கல்சில்லு ஏதாவது கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது கற்கால மனிதன் கூராக்கிய நுண்கருவியாக இருக்கக்கூடும். சாயர்புரம் தேரியில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அவற்றைத் தேடி எடுத்திருக்கிறார்; தொல்லியல் ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்சினும் 1956-இல் விரிவான ஆய்வே வெளியிட்டார்கள். ஃபூட் சேகரித்தவற்றை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. ரயில் ஏறுகிற எழும்பூரிலேயே பாந்தியன் சாலையில் இருக்கிறது. செந்தூர் எக்ஸ்பிரஸுக்கு முன்னால் ஒரு மணி நேரம் கையில் இருந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். எதற்கு மேல் சக்கரத்தை ஓட்டப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு ஓட்டுவது வேறு.

பையில் போட்டுக்கொள்ள உடன்குடியில் கருப்பட்டி இருக்கிறது. கடைத்தெருவில் சில்லுக் கருப்பட்டி கேளுங்கள், சுக்கு சேர்த்துக் காய்ச்சியது. உடைத்தால் உள்ளே ஈரமில்லாமல் பொரபொரவென்று உதிர வேண்டும். பிசுக்கென்று விரலில் ஒட்டினால் அடுத்த கடைக்குப் போங்கள். கைப்பிடிப் பையில் அரைக் கிலோ தாராளமாகக் கொள்ளும்.