உள்ளங்கையில் ஆதிவராகர்

காசு சேர்க்கிறவர்கள் ராஜராஜன் காசு என்றால் உருகுவார்கள். உருகட்டும். என் உயிர் கிடப்பது பழைய நாலணா அளவே உள்ள ஒரு வெள்ளிக் காசில்தான். கன்னோசியை ஆண்ட பிரதிகார மன்னன் மிகிரபோஜன் 9ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட ஆதிவராக திரம்மம் அது. திருவிடந்தைக்காரனுக்கு வேறு எந்தக் காசு பிடிக்கும், சொல்லுங்கள்! அகிலவல்லித் தாயாரை இடத்தொடையில் இருத்தியபடி அன்றாடம் கல்யாணக் கோலம் காட்டும் எங்கள் ஊர் வராகப் பெருமாள், வடக்கே கடைவீதிகளில் கைமாறி, முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கூடப் போயிருப்பார்!

நாலு கிராம் சொச்சம் எடை. ஒரு பக்கம் பன்றி முகத்தோடு வராகர் வீறாக நிற்கிறார், எதிரே சக்கரம். மறுபக்கம் நாகரியில் ‘ஸ்ரீமதாதிவராஹ’ என்று இரண்டு வரி. ஆதிவராகன் என்பது போஜனின் பட்டப்பெயர்; பெருமாளும் ராஜாவும் ஒரே காசில் அடக்கம். அந்த எழுத்துக்குக் கீழே பாருங்கள், சில கோடுகளும் புள்ளிகளும் தெரியும். பாரசீகத்துச் சாசானியக் காசிலிருந்த அக்கினி பீடம் அது! ஹூணர்கள் வழியே வந்து, பார்த்துப் பார்த்து அடித்ததில் உருக்குலைந்து, கடைசியில் நம் பெருமாள் பெயருக்கு அடியில் வந்து ஒண்டிக்கொண்டது. இதைவிட ரசமான பயணக்கதை உண்டா?

கீழே ஓர் அச்சு, நடுவே வெள்ளி வில்லை, மேலே இன்னோர் அச்சு, ஓங்கி ஓர் அடி. அவ்வளவுதான் தொழில்நுட்பம். வில்லையைவிட அச்சு பெரிது, அதனால் உருவம் முழுசாக விழுவது அபூர்வம். ஒன்றில் முகம் இருக்கும், கால் இருக்காது. இன்னொன்றில் பாதி எழுத்து ஓடிப்போயிருக்கும். மாமல்லபுரத்து வராக மண்டபச் சிற்பிக்குக் கருங்கல்லில் நிதானமாகச் செதுக்க நேரம் இருந்தது. அக்கசாலைக்காரருக்கு ஒரே அடி! அந்தக் கோணல்தான் எனக்குக் கொள்ளை அழகு.

1000ஆம் ஆண்டையொட்டி முடிசூடிய ஹங்கேரியின் முதல் அரசர் ஸ்டீபனின் டெனாரும் இதே சுத்தியடிதான். அது ஒரு கிராம்கூடத் தேறாத மெல்லிய வெள்ளித் தகடு. இரு பக்கமும் சிலுவை, சுற்றிலும் எழுத்து. அழகுதான், ஆனால் வராகர் இல்லையே!

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பிந்தைய காசுகளில் வெள்ளி குறைந்து செம்பு கூடியதால் கறுத்திருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்குமே என்று வீட்டில் ஒரு குரல் எழும். உடனே அலமாரியைப் பூட்டிவிடுங்கள்.

என் காசில் சக்கரம் பாதிதான் விழுந்திருக்கிறது. முழுச் சக்கரத்தோடு ஒன்று எங்கே கண்ணில் பட்டாலும் பேரம் பேசாமல் வாங்கிவிடுவேன்.