கேள்விப்பட்ட கதைகள்: எச்.ஐ.வி. களங்கம் பற்றிய ஆய்வுகளும் நம் அனுபவமும்

எச்.ஐ.வி. உள்ளவர்களை ஊர் எப்படி நடத்துகிறது என்று கேட்டால் நம் மனத்தில் எழுபவை சில காட்சிகள்தாம்: தனித்தட்டு, தனிப்பாய், வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் உரிமையாளர், பிணத்தைத் தொடத் தயங்கும் உறவு. தென்னிந்தியாவில் வேய்ன் ஸ்டீவர்டும் அவர் குழுவினரும் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் காட்சிகளுக்கு அப்பால் பார்க்கச் சொன்னது. தொற்றுள்ள 16 பேரிடம் விரிவாகப் பேசி, பிறகு 229 பேரிடம் கணக்கெடுப்பு நடத்தினார்கள். நேரடியாகத் தமக்கே நேர்ந்த அவமதிப்பு என்று அந்த 16 பேர் சொன்னவை குறைவாகவே இருந்தன. அவர்களை வாய்திறக்க விடாமல் செய்தவை, இன்னொருவருக்கு நடந்ததாகக் காதில் விழுந்த கதைகள். கேட்டவர் தமக்கும் அதுதான் கதி என்று முடிவுகட்டிக்கொள்கிறார். யாரிடமும் சொல்வதில்லை. மறைத்து மறைத்தே மனம் சோர்ந்துபோகிறது.

களங்கத்தைப் பற்றிய சிந்தனைக்கு 1963இல் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் எழுதிய நூல் அடித்தளம். ஒருவரிடம் காணும் ஓர் அடையாளம் அவருடைய மற்ற எல்லாத் தகுதிகளையும் விழுங்கிவிடும் விதத்தை அவர் விளக்கினார். 1987இல் உலக சுகாதார அமைப்பின் எய்ட்ஸ் திட்டத்தை நடத்திய ஜொனாதன் மான் ஐ.நா. பொதுச் சபையில் பேசியபோது, வைரஸ் பரவுவது ஒரு கொள்ளைநோய், எய்ட்ஸ் இரண்டாவது, அதற்குச் சமூகம் காட்டும் எதிர்வினை மூன்றாவது என்று வகுத்துச் சொன்னார். 2003இல் ரிச்சர்ட் பார்க்கரும் பீட்டர் ஆகிள்டனும் இந்த விவாதத்தை அதிகாரத்தின் பக்கம் திருப்பினார்கள். ஏற்கெனவே தாழ்த்தி வைக்கப்பட்டவர்களை மேலும் தாழ்த்தக் களங்கம் ஒரு கருவி என்பது அவர்கள் வாதம். எனக்கு இந்த வாதமும் ஸ்டீவர்டின் கண்டுபிடிப்பும் சேர்ந்தால்தான் நம் ஊர் நிலைமை விளங்குகிறது. காதில் விழுந்த கதைகளுக்கு ஒரு தொடக்கம் உண்டு. அவற்றில் முதன்மையானவற்றை எழுதியது அரசாங்கமே.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில், 1986இல். மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் இரத்த மாதிரிகள் எடுத்தார். வேலூரில் சோதித்தபோது ஆறு பெண்களுக்குத் தொற்று உறுதியானது. அறிவியலுக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. அந்தப் பெண்களைப் போன்றவர்களுக்குப் பின்னால் நேர்ந்தது வேறு. தொற்று இருப்பதையே காரணமாக்கிக் காப்பகச் சுவர்களுக்குள் அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே விடுதலை கிடைத்தது. ஆக, இந்த நோய்க்கு நம் நாட்டில் கிடைத்த முதல் முகம், பூட்டிவைக்க வேண்டிய பெண் என்பது. 1989இல் கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் இரத்ததானம் செய்தார். பரிசோதனையில் தொற்று தெரிந்ததும் போலீஸ் அழைத்துப் போய், பொதுச் சுகாதாரச் சட்டத்தின் பெயரால் 64 நாள் அடைத்து வைத்தது. அவர் செய்த காரியம், பிறருக்கு இரத்தம் கொடுத்தது மட்டுமே.

விளம்பரங்களும் தம் பங்குக்குக் கதை சொல்லின. மண்டை ஓடு, சுடுகாடு, உயிர்க்கொல்லி என்று சுவரெங்கும் பயம். 2000க்குப் பிறகு வந்த ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விளம்பரம் அந்தத் தொனியை மாற்றியது. தமிழ்நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்காத காதில்லை. பெண்ணையே குற்றவாளியாக்கி வந்த பேச்சில் ஆணைப் பார்த்துக் கேள்வி கேட்டது அதன் பெருமை. ஆனாலும் நடத்தை கெட்டவனுக்கே இந்த நோய் வரும் என்ற கணக்கை அது உடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். புள்ளிராஜாவின் மனைவி அந்தக் கதையில் எங்கே? தாலி கட்டியவரைத் தவிர வேறு யாரையும் அறியாமல் தொற்றுக்கு ஆளான பெண், கணவர் இறந்ததும் ‘இவள் வந்த நேரம்’ என்ற பழியையும் சுமந்து, சொத்தில் பங்கில்லாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய கதை பிரசாரத்தில் இடம்பெறவில்லை. அதைச் சொன்னவர்கள் அந்தப் பெண்களேதான். நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா தமக்குத் தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். 1998இல் சென்னையில் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான கூட்டமைப்பு உருவானபோது அதை முன்னின்று கட்டியவர் அவர். கேள்விப்பட்ட கதைக்கு எதிரில் பெயரும் முகமும் உள்ள ஒருவர் வந்து நின்றது இங்கே பெரிய திருப்பம்.

இன்னொரு திருப்பம் சிகிச்சையால் வந்தது. 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், 1990களில் வேறெங்கும் இடம் கிடைக்காத எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டு மருந்துச் (ஏ.ஆர்.டி.) சிகிச்சையைத் தொடங்கிய மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. செத்துப்போவார்கள் என்று ஊர் கைவிட்டவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். அதன் பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் வலுவானவை. சென்னையும் களமாக இருந்த எச்.பி.டி.என். 052 ஆய்வு, சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கினால் துணைக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் காட்டியது. ஐரோப்பாவில் 888 இணைகளைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ‘பார்ட்னர்’ ஆய்வில், வைரஸ் அளவு ஒடுங்கியிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று பரவவில்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு வழியே அது பரவாது. களங்கத்தின் வேரையே அசைக்கும் உண்மை இது. சுடுகாட்டுப் படத்துக்குச் செலவழித்த பணத்தில் ஒரு பங்கையாவது இந்த ஒரு செய்திக்குச் செலவழித்திருக்க வேண்டும்.

மருத்துவமனைக்குள்ளேயே இந்த உண்மை எவ்வளவு தூரம் போயிருக்கிறது? மும்பையிலும் பெங்களூரிலும் மருத்துவர், செவிலியர், வார்டு ஊழியர்களிடம் மரியா எக்ஸ்ட்ராண்ட் குழுவினர் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு காரணங்களைக் காட்டியது: சாதாரணமாகத் தொட்டுப் பழகினாலே ஒட்டிக்கொள்ளும் என்ற தவறான எண்ணம், நோயாளியே குற்றவாளி என்ற தீர்ப்பு. முதலாவது பயிற்சியில் மாறும். இரண்டாவதற்குப் பயிற்சி மட்டும் போதாது.

2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு எதிலும் பாகுபாடு கூடாது என்கிறது. சம்மதமின்றிச் சோதிக்கக் கூடாது. தொற்று இருப்பதைச் சம்மதமின்றி வெளியிடவும் கூடாது. அது நடைமுறைக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாத டிசம்பரில் சாத்தூரில் ஒரு துயரம் நடந்தது. உறவினருக்காக இரத்தம் கொடுத்த 19 வயது இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தமக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும் தாமாகவே இரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முகாமில் அவர் கொடுத்த இரத்தத்தில் தொற்று தெரிந்திருந்தும் செய்தி அவரை எட்டவில்லை என்பது பிறகு வெளியானது. தவறு அமைப்பினுடையது, உண்மையைச் சொன்னவர் அவர். ஆனால் உயிரை மாய்த்துக்கொண்டதும் அவர்தான். டொமினிக்கைப் போல அவரை யாரும் பூட்டிவைக்கவில்லை. பூட்டத் தேவையே இருக்கவில்லை.

சட்டம் இந்த இடத்தில் இன்னும் இறங்கி வேலை செய்ய முடியும். 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வொரு மருத்துவ நிறுவனத்திலும் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது அது. பெயரை மறைத்து வழக்கு நடத்தவும் வழி செய்திருக்கிறது. இதற்கு முன்பே, 1997இல், வேலை மறுக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் வழக்கைப் பெயர் வெளியிடாமலே விசாரித்து, உடல்தகுதி உள்ளவருக்குத் தொற்றைக் காரணம் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தப் புகார் அலுவலர் யார், எந்த அறையில் இருப்பார், எப்போது பார்க்கலாம் என்பது மருந்து வாங்க வரிசையில் நிற்பவருக்குத் தெரிய வேண்டும். ஏ.ஆர்.டி. மையத்தின் சுவரில், மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் அதை எழுதிவைக்கலாம். மருந்தை விடாமல் சாப்பிட்டு, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவாது என்பதையும் அதே சுவரில், அதைவிடப் பெரிய எழுத்தில் எழுதலாம்.