டி.வி.எல்.: ஒரு பட்டத்தின் தரம்

இந்தியாவில் தோல் மருத்துவர் ஆவதற்கான பாதை ஏட்டளவில் குறையற்றது. பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., நீட் முதுநிலைத் தேர்வு, பிறகு மூன்றாண்டு எம்.டி. அல்லது டி.என்.பி. பட்டம். தோல், பால்வினை நோய், தொழுநோய் மூன்றையும் ‘டி.வி.எல்.’ என ஒரே பட்டத்தில் பிணைத்திருப்பதே இதன் ஆகப் பெரிய வலிமை. சிபிலிசும் தொழுநோயும் தோலில் தடயம் காட்டி, நரம்பு வரை இறங்குபவை. அவற்றை முறையாகப் பயின்றவர் தோலை உடலிலிருந்து பிரித்துப் பார்க்கமாட்டார்.

நுழைவுத் தேர்வு அந்த அளவுக்குத் தேறவில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று அது பார்ப்பதில்லை. அந்த நேர்மை பெரிது. ஆனால் அது அளப்பது நினைவையும் வேகத்தையும்தான். படம் காட்டிக் கேட்கும் வினாவிலும் சரியான விடை நான்கில் ஒன்றாக முன்பே அச்சாகியிருக்கிறது. கண்ணும் கையும் தேர்ந்தவையா என்பது கடைசிவரை தெரிவதில்லை.

இத்துறையின் மெய்யான தகுதியோ அங்கேதான் இருக்கிறது. வெள்ளைத் தோலை வைத்து எழுதிய பாடநூல் ‘சிவந்த திட்டு’ என்கிறது. நம் கறுத்த தோலில் அதே அழற்சி ஊதாவாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ தெரியும். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், விரலால் தடவ வேண்டும். வெளிறிய தேமலைக் கண்டால் பஞ்சால் தொட்டு உணர்ச்சி சோதித்து, முழங்கையருகே நரம்பு தடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படர்தாமரை என்று ஐயம் வந்தால் விளிம்பைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, நுண்ணோக்கியில் பூஞ்சை இழையைத் தேட வேண்டும். சில நிமிட வேலை. இதைத் தவிர்த்துவிட்டு குளோபிடசால் என்ற ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பை எழுதினால் அரிப்பு அடங்கும், விளிம்பு மங்கும், பூஞ்சை பரவும். டெர்பினாபின் மருந்துக்கு அடங்காத டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே பூஞ்சை பரவியுள்ள நாட்டில் இது சிறு பிழையல்ல.

லேசர், முடி நடுதல் ஆகியவற்றை இழிவாகப் பேசுவது முறையல்ல. அவையும் கடும் பயிற்சி கேட்பவை. பயிலரங்கும் யூடியூபும் முடி நடுதலுக்குப் போதாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொன்னது சரியே. குறை வேறிடத்தில்: சந்தை அழகுக்கே விலை வைப்பதால் பட்டத்தின் மூன்றாம் எழுத்தான ‘எல்’, அதாவது தொழுநோய், பலருக்கு வெறும் ஒட்டாகிறது. பொதுநலப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் நீங்கியதாக 2005இல் அறிவித்தோம். உலகின் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியர்களே.

ஆக, பாடத்திட்டம் தேறுகிறது. சேர்க்கை முறை பாதி தேறுகிறது. முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இறுதிச் செய்முறைத் தேர்வு. தோல் சுரண்டலையும் தொழுநோய்க் கீறல் பூச்சையும் தன் கையால் செய்து, தானே படித்துக் காட்டாதவர், எழுத்துத் தாளில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் தேறக்கூடாது.