ஒளிப்படத்தில் வழுவமைதி

தமிழ் இலக்கணகாரர் பிழைகள் அனைத்தையும் ஒருபடித்தாகத் தள்ளிவிடவில்லை. இலக்கண நெறியினின்று பிறழ்ந்தது வழு. பிறழ்ந்தும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. தன் பசுவை மகிழ்ச்சி மிகுதியால் ஒருவன் தாயென அழைக்குமிடத்துத் திணை வழுவுகின்றது. ஆயினும் திணை வழாது கூறியிருப்பின் அவ்வன்பு புலப்பட்டிராது. ஒளிப்படக்கலையில் வழுக்களும் தற்செயல்களும் பெறும் மதிப்பினை ஆராய்வதற்கு இப்பாகுபாடு பெரிதும் துணைபுரியும் என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.

ஏனைய கலைகளிலும் பார்க்க ஒளிப்படம் தற்செயலுக்கு அதிக இடங்கொடுப்பது. ஓவியன் தீட்டாத கோடு ஓவியத்தில் இடம்பெறுவதில்லை. கமராவோ எடுப்பவர் நோக்கியதோடு அவர் நோக்காததையும் சேர்த்தே பதிவு செய்கின்றது. இதனால் இருவகைத் தவறான முடிவுகள் எழுந்துள்ளன. தெளிவின்மை அனைத்தும் திறமையின்மையே என்பது ஒன்று; மங்கலான படம் யாவும் கவித்துவம் வாய்ந்தது என்பது மற்றையது. இவையிரண்டும் குறிப்பிட்ட படத்தை நோக்காது பொதுவிதியை நோக்குவன.

ஜூலியா மார்கரட் கமரூன் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் படைப்புகள் இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கன. 1815இல் கல்கத்தாவிற் பிறந்த இவர், 1863இல், தமது 48ஆம் வயதிலேயே, முதன்முதலாக ஒரு கமராவைப் பெற்றார். அக்காலத்தில் கண்ணாடித் தட்டிலே கொலோடியனைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவவேண்டும். தூசியும் கீறலும் கறையும் எளிதிற் படியும். படத்துக்கு அமர்ந்தவர் சில நிமிடங்கள் அசையாதிருத்தலும் வேண்டும். இவ்வழுக்கள் அனைத்தும் கமரூனின் படங்களில் உள. அவர் காலத்து ஒளிப்படச் சஞ்சிகைகள் அவற்றைக் கண்டித்தன. எனினும் லண்டனிலிருந்த தென் கென்சிங்டன் நூதனசாலை 1865ஆம் ஆண்டிலேயே அவர் படங்களை விலைக்கு வாங்கியது.

1867இல் அவர் எடுத்த தோமஸ் கார்லைலின் படத்தை நோக்குக. முகம் குவியத்தில் இல்லை. அசைவினால் விளிம்புகள் கலங்கியுள்ளன. அங்கியின் பொத்தான்களைக்கூட எண்ணத்தக்க தெளிவுடன் அக்காலத்து நிலையங்களில் எடுக்கப்பட்ட உருவப்படங்களோடு ஒப்பிடுமிடத்து இது குறைபாடுடையதே. ஆனால் அமைதியற்ற ஓர் உள்ளம் நம்முன் இருக்கின்றது என்ற உணர்வை அக்கலக்கமே தருகின்றது. தெளிவு பெருகியிருப்பின் அவ்வுணர்வு குன்றியிருக்கும். எனவே இது வழுவன்று, வழுவமைதி.

இதற்குக் காரணர் யார்? தம் தொடக்ககால மங்கற் படங்களின் வெற்றி தற்செயலானது என்று கமரூனே 1874இல் எழுதிய நினைவுக் குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். குவியத்தைச் சரிசெய்துவருகையில் தம் கண்ணுக்கு அழகெனப்பட்ட இடத்திலேயே நிறுத்திக்கொண்டதாகவும், மேலுந் தெளிவு தேடி வில்லையைத் திருகவில்லையெனவும் கூறுகிறார். தற்செயல் அவருக்கு ஒன்றைக் காட்டியது. அதனைக் கண்டுகொண்டு நிறுத்தியவர் அவர். கலைஞரின் பங்கு இந்த ஏற்பிலேயே உள்ளது.

வழுவினைச் சூழ எழும் கதையை அதன் மதிப்பாகக் கொள்ளுதல் ஆகாது என்பதற்கு றொபேட் காப்பாவின் படங்கள் சான்று. 1944 யூன் 6இல் நோர்மண்டியின் ஒமாகா கடற்கரையில் அவர் எடுத்தவற்றுட் சில படங்களே கிடைத்தன. இருட்டறைப் பணியாளரின் தவறினால் ஏனையவை உருகி அழிந்தன என்ற கதை நெடுங்காலம் நிலவியது. 2014 தொடக்கம் ஆய்வாளர் அதனை வலுவாக மறுத்து வருகின்றனர். கதை பொய்யெனினும் அலைகளினூடே தவழ்ந்துவரும் அந்தப் போர்வீரனின் படம் தாழ்ந்துவிடவில்லை. அதன் நடுக்கம் அக்கணத்தின் அச்சத்தோடு ஒன்றியிருப்பதே காரணம்.

ஆயின் எல்லா வழுவும் அமைதி பெறுமா? கமரூன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். இங்கு அவர் எடுத்த படங்களுள் எஞ்சியவை முப்பதுக்குங் குறைவு. 1878இல் எடுத்த ஒன்று களுத்துறைக் குடியானவர் என்ற தலைப்புடையது. கார்லைலுக்கும் டெனிசனுக்கும் டார்வினுக்கும் அவர்தம் பெயர்கள் உள. இலங்கையில் அவர் கமராவின் முன் நின்ற தொழிலாளருள்ளும் குடியானவருள்ளும் பெரும்பாலோர்க்குப் பெயரில்லை. கண்ணாடித் தட்டின் கீறல் படத்தின் உண்மைக்கு ஊறு செய்யவில்லை, பெயரின்மை செய்கின்றது. முன்னது கருவியின் வழு; பின்னது பார்வையின் வழு. வாழ்க்கையை நமக்குப் புலப்படுத்தும் வழுவையே கலை ஏற்கும். மனிதரை மறைக்கும் வழுவிற்கு எந்த அழகியலும் அமைதி கூறவியலாது. படத்தின் அழகை ஒப்புக்கொண்டே இக்குறையையுஞ் சுட்டுதல் விமரிசகர் கடனாகும்.

இவ்வேறுபாடு இன்று மேலும் முக்கியத்துவம் பெறுகின்றது. கைத்தொலைபேசிகள் பல படங்களைக் கணப்பொழுதில் எடுத்து, தெளிவானதைத் தாமே தெரிந்து தருகின்றன. நாம் கண்டு வியந்திருக்கக்கூடிய பிறழ்வு நம் கண்ணிற் படாமலே போகின்றது. மறுபுறம், புதிய படத்தின்மேல் செயற்கைக் கீறலும் பழுப்பு நிறமும் ஏற்றும் செயலிகளும் பெருகியுள்ளன. முன்னையது வழு நிகழவே இடந்தராது; பின்னையது நிகழாத வழுவை நிகழ்ந்ததாகக் காட்டும். இரண்டிலும், எதிர்பாராது நேர்ந்ததன் முன் ஒரு கணம் நின்று, இதனை ஏற்பதா விடுவதா எனத் தீர்மானிக்கும் மனிதர் இல்லாது போகின்றார்.

எனவே, பழுதுற்ற ஒரு படம் நம் கைக்கு வருமாயின் அதனை உடனே எறிந்துவிடவும் வேண்டாம். உடனே போற்றவும் வேண்டாம். இப்பழுது எதனைக் காட்டுகின்றது, யாரை மறைக்கின்றது என்று வினவுவோமாக. அவ்வினாவிற்குக் கிடைக்கும் விடையே அதன் கலைப்பெறுமதியை நிர்ணயிக்கும்.